திகதியைக் குறித்தது யார்?

கொழும்பில் ஒரு பாடசாலையில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. காலை ஒன்றுகூடலுக்கு முன் எழுதி வைக்கும் 'வரலாற்றில் இன்று' பலகைக்காக ஏப்ரல் 21ஐத் தேடியிருக்கிறார். 1987இன் புறக்கோட்டை பஸ் நிலையக் குண்டுவெடிப்பும் 2019இன் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களும் ஒரே திகதியில் வந்து நின்றன. பலகையைப் பார்த்த மாணவன் ஒருவன், "டீச்சர், இது யாராவது வேண்டுமென்றே செய்ததா?" என்று கேட்டுவிட்டான். அவனுக்கு என்ன சொல்வது, நம் நாட்டு வரலாற்றில் இப்படி வேறு பொருத்தங்கள் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

மாணவனுக்குச் சொல்ல வேண்டிய பதில்: இல்லை. 2019இல் தாக்கியவர்கள் ஏப்ரல் 21ஐத் தேடிப் பிடிக்கவில்லை, உயிர்த்த ஞாயிறைப் பிடித்தார்கள். ஆலயங்கள் நிரம்பி வழியும் ஒரு காலைப்பொழுது அவர்களுக்கு வேண்டியிருந்தது. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் மூன்றும் அன்று நிரம்பியிருந்தன. கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களில் காலை உணவுக்கு வந்தவர்களும் அகப்பட்டார்கள். 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் உயிர்த்த ஞாயிறு எந்தத் திகதியில் வரும் என்பதைக் கொலைகாரர்கள் முடிவு செய்வதில்லை. மார்ச் 21 அன்றோ அதன் பின்னரோ வரும் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு என்று திருச்சபை கணக்கிடுகிறது. மார்ச் 22 தொடங்கி ஏப்ரல் 25 வரை அது எந்த நாளிலும் விழலாம். 1957இல் ஏப்ரல் 21இல் விழுந்தது. பிறகு 62 ஆண்டுகள் அந்தத் திகதியில் விழாமல் 2019இல்தான் திரும்பியது.

1987இன் ஏப்ரல் 21 ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு இரண்டு நாள் முன்னதாக, 19ஆம் திகதியே முடிந்திருந்தது. வேலை விட்டு வீடு திரும்பும் மாலை நேரத்தில் மத்திய பஸ் நிலையத்தில் குண்டு வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். புலிகளே காரணம் என்று அரசு குற்றம் சாட்டியது. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது கூட்ட நேரம். ஆகவே ஒன்றில் சன நெரிசலும் மற்றொன்றில் சந்திரனும் நாளைக் குறித்தன. இரண்டும் 21இல் சந்தித்ததில் எவருக்கும் பங்கில்லை.

செய்தித்தாள் ஒன்றில் இதே வகைப் பத்தியை நெடுங்காலம் தொகுத்தவன் நான். அந்த வேலையில் எனக்குப் பதிந்த வழக்கம் ஒன்று உண்டு. இரண்டு நிகழ்வுகளின் திகதி பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு முன், ஒவ்வொன்றையும் அந்த நாளில் கொண்டுவந்து வைத்தது யார் என்று பார்த்துவிடுவேன். மனிதர் ஒருவர் குறித்த நாளா, பஞ்சாங்கமோ சட்டமோ குறித்த நாளா, சும்மா விழுந்த நாளா? இதைக் கேட்காமல் பட்டியல் போட்டால் வாசகர் தாமே ஒரு சதியைக் கட்டிக்கொள்வார்.

கொச்சிக்கடையில் ஒரு முதிய கத்தோலிக்கரிடம் கேட்டால், கொழும்பின் இரட்டை நாள் வேறு என்பார். 1942ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 5இல் வந்தது. அன்று காலை ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானை விமானத் தளத்தையும் தாக்கின. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் ஹாபரைத் தாக்கிய அதே ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பல் தொகுதி. முதல்நாள் கொக்கலையிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் அதைக் கடலில் கண்டு, வானொலியில் செய்தி அனுப்பிய நிலையில் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டார். அவர் செய்தி வந்திராவிட்டால் துறைமுகத்தில் கப்பல்கள் அப்படியே குவிந்து கிடந்திருக்கும். குதிரைப் பந்தயத் திடலைப் பிரித்தானியர் ஓடுபாதையாக மாற்றி வைத்திருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. அங்கிருந்து எழும்பிய ஹரிக்கேன் விமானங்கள் நகரின் மேல் சண்டையிட்டன. இன்று அந்த இடத்தில் கடைத் தொகுதியும் ரக்பி மைதானமும் இருக்கின்றன. கொழும்புத் துறைமுகத்தில் தெனடோஸ் என்ற நாசகாரிக் கப்பல் மூழ்கியது. தெற்கே ஆழ்கடலில் டோர்செட்ஷயர், கோர்ன்வால் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் அதே நாளில் மூழ்கி 400க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். குண்டுக்குப் பயந்து நகரைவிட்டுப் பெருந்தொகைச் சனம் வெளியேறியது.

வழிபாட்டு நாட்காட்டியில் பார்த்தால் 1942உம் 2019உம் ஒரே நாள்; சுவர்க் கலண்டரில் 16 நாள் இடைவெளி. கலண்டரில் பார்த்தால் 1987உம் 2019உம் ஒரே நாள். வழிபாட்டில் இரண்டுக்கும் தொடர்பே இல்லை. எந்த நாட்காட்டியைக் கையில் எடுக்கிறீர்களோ அதற்கேற்ற பொருத்தம் கிடைக்கிறது. இதை மாணவர்களுக்குப் பலகையில் வரைந்தே காட்டலாம்.

ஏப்ரல் 5 என்ற திகதியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் இன்னொன்று அகப்படும். 1942க்கு 29 ஆண்டுகள் கழித்து, 1971 ஏப்ரல் 5 இரவு 11 மணிக்கு நாடெங்கும் பொலிஸ் நிலையங்களை ஒரே நேரத்தில் தாக்குவது என்று ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) இளைஞர்கள் முடிவெடுத்திருந்தார்கள். வெல்லவாயவில் இருந்த குழு மட்டும் வந்த தகவலைப் பிழையாக விளங்கிக்கொண்டு அன்று அதிகாலையே தாக்கிவிட்டது. அதனால் மற்ற நிலையங்கள் விழித்துக்கொண்டன. தலைவர் ரோகண விஜேவீர அப்போது யாழ்ப்பாணச் சிறையில் அடைபட்டிருந்தார். நாள் குறிக்கப்பட்டது மூன்று நாட்களுக்கு முன் நடந்த அவசரக் கூட்டத்தில். கைதுகள் நெருங்கிக்கொண்டிருந்தன, தாமதிக்க முடியாது என்பதே அவர்களின் கணக்கு. அந்தக் கூட்டத்தில் ஜப்பானிய விமானங்கள் எவர் நினைவிலும் வந்திருக்காது.

இப்படிப் பொருத்தங்கள் அடிக்கடி அகப்படுவதற்குக் காரணம் எளிய கணக்கு. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே, எவரேனும் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். கேட்டவுடன் எவரும் நம்புவதில்லை. 23 பேரை இருவர் இருவராகச் சேர்த்தால் 253 இணைகள் வரும் என்றதும் முகம் மாறும். 40 பேர் உள்ள வகுப்பென்றால் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு. நாளைக்கே கேட்டுப் பாருங்கள். இதை வரலாற்றுக்குப் போட்டுப் பார்ப்போம். சென்ற நூற்றாண்டு இலங்கையிலிருந்து முக்கியமான 100 நிகழ்வுகளை எழுதினால் 4,950 இணைகள் ஆகின்றன. 365ஆல் வகுத்தால் 13 அல்லது 14. எந்தச் சதியும் இல்லாமலே சராசரியாக அத்தனை இணைகள் திகதி பொருந்தி விழும். ஒன்றுகூட விழாவிட்டால்தான் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் '26ஆம் எண்ணின் சாபம்' இந்தக் கணக்கின் மலிவான பதிப்பு. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம், 2003 டிசம்பர் 26 ஈரானின் பாம் நகரப் பூகம்பம், 2004 டிசம்பர் 26 சுனாமி, 2005 ஜூலை 26 மும்பை வெள்ளம், 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல் என்று அடுக்கிக்கொண்டு போகும். மாதம் எதுவானாலும் சரி, இயற்கையானாலும் மனிதரானாலும் சரி என்று விதியைத் தளர்த்திவிட்டால் எந்த எண்ணுக்கும் சாபம் கட்டலாம். 2005 அக்டோபர் 8இல் காஷ்மீரும் 2011 மார்ச் 11இல் ஜப்பானும் குலுங்கியதை அந்தச் செய்தி சொல்லாது. நேபாளம் 2015 ஏப்ரல் 25இல் குலுங்கி ஒரே நாளில் சாபத்திலிருந்து தப்பிவிட்டது.

அந்த அடுக்கில் பாமும் சுனாமியும் மட்டும் மாதமும் நாளும் சரியாகப் பொருந்தி, மிகச் சரியாக ஓராண்டு இடைவெளியில் நிற்கின்றன. பாமில் 26,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புவித்தட்டுகளுக்குக் கலண்டர் தெரியாது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26 என்ற நாளுக்குள்ளேயே நடந்த பொருத்தங்கள் இருக்கின்றனவே, அவற்றைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். போதாததற்குப் போயா (பௌர்ணமி விடுமுறை) தினம். மூன்று விடுமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால் தெற்கே போகும் ரயிலில் வீட்டுக்கும் விகாரைக்கும் கடற்கரைக்கும் போகும் குடும்பங்கள் நிறைந்திருந்தன. சுமாத்ராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது கொழும்பில் நேரம் காலை 6.58. ஏறக்குறைய அதே வேளையில்தான் மாத்தறைக்குப் போகும் அந்த ரயில் கோட்டை நிலையத்திலிருந்து புறப்பட்டது. ரயிலும் அலையும் இரண்டரை மணி நேரம் தத்தம் வழியில் பயணம் செய்து, பெரலியவில் சந்தித்தன. ரயிலில் இருந்தவர்களும், அதில் ஏறினால் பாதுகாப்பு என்று நம்பி ஓடிவந்து ஏறிய ஊரவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். நாடு முழுவதும் 30,000க்கும் மேல். இங்கே நாள் முக்கியமானது எண்ணால் அல்ல. விடுமுறையால் பெட்டிகள் நிறைந்திருந்ததால்.

திகதி பொருந்தாததால் எந்தப் பட்டியலிலும் சேராத ஓர் இணையும் உண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, புயலில் எழுந்த கடல் பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பயணிகள் ரயிலை அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு விழுங்கியது. கோட்டை நிலையத்தில் ஏறித் தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடி வழியாகச் சென்னைக்குப் போன தலைமுறைக்கு அது அந்நியமான பாதை அல்ல, ஊருக்குப் போகும் பாதை. நாற்பது ஆண்டு இடைவெளி, அதே டிசம்பர்க் கடைசிப் பத்து நாட்கள், கடல் விழுங்கிய இரண்டு ரயில்கள். ஏப்ரல் 21க்குக் காட்டும் வியப்பில் பாதியைக்கூட இதற்கு எவரும் காட்டிக் கண்டதில்லை.

மனிதர் கைவைத்த திகதிகளுக்கு வருவோம். 2022இன் 9ஆம் திகதிகள் இதற்கு மிகச் சிறந்த பாடம், அவை நம் கண்முன்னே உருவானவை என்பதால். ஏப்ரல் 9 சனிக்கிழமை காலிமுகத்திடலில் அரசுக்கு எதிரான கூட்டம் கூடி அங்கேயே தங்கியது. விடுமுறை நாள் என்பதைத் தவிர அந்த 9இல் விசேஷம் ஏதுமில்லை. மே 9 அன்று அலரி மாளிகையில் கூடிய ஆளுங்கட்சி ஆதரவாளர்கள் திடலில் இருந்தவர்களைத் தாக்கப் புறப்பட்டார்கள். மாலைக்குள் பிரதமர் மகிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். அந்த நாளைக் குறித்தது ஆளுங்கட்சித் தரப்பு. ஜூன் 9 பசில் ராஜபக்ஷ நாடாளுமன்ற ஆசனத்தைத் துறந்தார். மூன்றாவது முறையும் ஒன்பது வந்ததும் எண் தானாகவே ஒரு கொடியாகிவிட்டது. ஜூலை 9ஐப் போராட்டக்காரர்கள் வேண்டுமென்றே குறித்தார்கள், முன்கூட்டியே அறிவித்தார்கள். எரிபொருள் இல்லாத நாட்டில் சனம் ரயில்களை ஓட்டச் செய்து கொழும்புக்கு வந்து ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தது. ஆகஸ்ட் 9க்கும் அழைப்பு விடுத்தார்கள். அது பிசுபிசுத்துப் போனது. தற்செயலாகத் தொடங்கி, வழக்கமாகி, ஆயுதமாகி, மழுங்கிப்போனது வரை ஓர் எண்ணின் முழு ஆயுளும் ஐந்து மாதங்களில் முடிந்தது.

ஏப்ரல் 9க்குப் பின்னால் போனால் இன்னும் இரண்டு நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 அதே ஜப்பானியப் படை திருகோணமலையைத் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது. 1958 ஏப்ரல் 9 பௌத்த பிக்குகள் ரொஸ்மீட் பிளேஸில் பிரதமர் பண்டாரநாயக்கவின் வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட, அவர் தந்தை செல்வாவோடு செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். திடலில் கூடாரம் அடித்த இளைஞர்களில் பெரும்பாலோருக்கு 1958 தெரிந்திருக்காது. அந்தத் திடலில் அதே ஆண்டு வேறொன்று வேண்டுமென்றே செய்யப்பட்டது: போர் முடிந்த நாளான மே 18 அன்று முள்ளிவாய்க்கால் கஞ்சி பரிமாறி, போரில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். 1956 ஜூன் 5இல் தனிச்சிங்கள மசோதாவுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்கள் அடிவாங்கிய அதே திடலில். நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது, இடம் தானாக அமைந்தது.

1983இன் கறுப்பு ஜூலைக் கலவரத்தைப் பற்றித் தமிழருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் எந்த நாள் என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணத்தாருக்கு அது 1983 ஜூலை 23, திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட இரவு. கொழும்பில் அது 24 இரவு பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கி, 25 காலை வெள்ளவத்தையையும் புறக்கோட்டையையும் எரித்தது. வெலிக்கடைச் சிறையில் இருந்தவர்களுக்கு 25உம் 27உம். அங்கே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். 2001 ஜூலை 24 அதிகாலை புலிகள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தையும் விமான நிலையத்தையும் தாக்கியபோது, திகதி கறுப்பு ஜூலையை நினைத்தே குறிக்கப்பட்டது என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இந்த இணை தற்செயல் என்று வாதிடுவதற்கு நான் முன்வரமாட்டேன்.

சட்டம் குறிக்கும் நாட்களில் எனக்குப் பிடித்தது ஜூலை 20, 21. 1960 ஜூலை 20இல் பொதுத் தேர்தல். மறுநாள் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்றார். 2022 ஜூலை 20இல் நாடாளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவுசெய்தது, மறுநாள் பதவியேற்றார். 62 ஆண்டு இடைவெளியில் இரண்டு நாள் முழுதாகப் பொருந்துகிறது. ஜனாதிபதி பதவி வெற்றிடமானால் எத்தனை நாளுக்குள் வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்கிறது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ விலகிய நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஜூலை 20 அந்த வரம்புக்குள் விழும். நடுவே 1969இல் நிலவில் கால்வைத்த நாளும் இங்கே வந்து சேர்கிறது. அமெரிக்கர்களுக்கு அது ஜூலை 20 இரவு. ஆம்ஸ்ட்ரோங் காலை ஊன்றியபோது கொழும்பில் 21ஆம் திகதி காலை 8.26. தேர்தலோடு சேர்ப்பதா, பதவியேற்போடு சேர்ப்பதா என்பது நீங்கள் எந்த நாட்டில் இருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஜனவரி 8 வேறு மாதிரி. பண்டாரநாயக்க பிறந்தது 1899 ஜனவரி 8. பத்திரிகையாசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டது 2009 ஜனவரி 8. மகிந்த ராஜபக்ஷ தன் பதவிக்காலம் முடிய இன்னும் காலம் இருக்கும்போதே சோதிடத்தை நம்பித் தேர்தலை அழைத்தார் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. அந்தத் தேர்தலில் தோற்றது 2015 ஜனவரி 8. அவர் எந்தக் கட்சியின் தலைவராக நின்று தோற்றாரோ அந்தக் கட்சியைத் தொடங்கியவரின் பிறந்தநாளும் அதுவே. சோதிடர்கள் கட்டத்தைப் பார்த்தார்களே தவிர, பத்திரிகைக் கோப்பைப் பார்க்கவில்லை போலும்.

செப்டம்பர் 26 நம்மவர்களிடையே அதிகம் பேசப்படும் திகதி. 1959 செப்டம்பர் 25 காலை பிக்கு ஒருவர் சுட்ட பண்டாரநாயக்க மறுநாள் 26இல் இறந்தார். 1987இல் நல்லூரில் நீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் இருந்த புலிகளின் திலீபன் இறந்ததும் செப்டம்பர் 26. இரண்டு உடல்களும் எத்தனை மணி நேரம் தாங்கின என்பதே இந்தப் பொருத்தத்தின் அடிப்படை. 'பண்டா–செல்வா ஒப்பந்தம் 1957 ஜூலை 26, செல்வா மறைந்தது 1977 ஏப்ரல் 26' என்று சிலர் இதை இன்னும் நீட்டுவார்கள். அது மறுபடியும் வாட்ஸ்அப் சாபம்.

நள்ளிரவை ஒட்டிய நிகழ்வுகளில் மட்டும் கவனமாக இருங்கள். பாரதி நினைவுநாளை செப்டம்பர் 11 என்று எழுதிப் பழகிவிட்டோம். அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணியளவில், ஆங்கிலக் கணக்கில் 1921 செப்டம்பர் 12. சூரிய உதயம் வரை முதல்நாள்தான் என்ற நம் கணக்கில் அது 11. விவேகானந்தரின் சிக்காகோ உரை 1893, காந்தி ஜொகன்னஸ்பேர்க்கில் சத்தியாக்கிரகத்துக்கு அடித்தளமிட்ட கூட்டம் 1906, ஜின்னாவின் மறைவு 1948, சிலியின் இராணுவப் புரட்சி 1973, நியூயோர்க் தாக்குதல் 2001 எல்லாம் செப்டம்பர் 11தான். அந்த வரிசையில் பாரதியைச் சேர்க்க வேண்டுமானால் பஞ்சாங்கத்தின் பக்கம் நிற்க வேண்டும். வீட்டில் ஆண்டுத்திவசத்தைத் திதி பார்த்துச் செய்கிற நமக்கு, ஒரே நாள் ஆண்டுக்காண்டு கலண்டரில் நகர்வது புதிதல்ல.

நம் நாட்டுக்கே உரிய வேறொரு சிக்கல்: 1996இல் மின்சார நெருக்கடிக்காக அரசு கடிகாரத்தை முன்னே தள்ளியது. 2006 சித்திரைப் புத்தாண்டையொட்டித்தான் பழைய நேரம் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. கொழும்பில் நள்ளிரவு தாண்டி 12.10 என்றால் கிளிநொச்சியில் முதல்நாள் இரவு 11.40. அந்தக் காலத்து நள்ளிரவுச் சம்பவங்களுக்குத் திகதி போடும்போது செய்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நாட்காட்டிச் சிக்கல் கொழும்புக்கு அவ்வளவாக இல்லை. போர்த்துக்கல் 1582இலேயே, இன்று நாம் பயன்படுத்தும் புதிய (கிரகரி) நாட்காட்டிக்கு மாறிவிட்டது. ஒல்லாந்தர் கொழும்பைக் கைப்பற்றிய 1656 மே 12, பிரித்தானியர் கைப்பற்றிய 1796 பெப்ரவரி எல்லாம் இன்றைய கணக்குத் திகதிகளே. 1505இல் போர்த்துக்கேயர் வந்திறங்கியது போன்றவற்றுக்கு மட்டும் பத்து நாள் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 21க்கான பலகைக்கு என் ஆலோசனை: 1987க்கும் 2019க்கும் தனித்தனி வரி கொடுங்கள், 'அதே நாளில்' என்று ஒட்ட வேண்டாம். 1964இல் பாரதிதாசன் மறைந்தார், 1938இல் கவிஞர் இக்பால் மறைந்தார் என்று தமிழ், முஸ்லிம் மாணவர் இருவருக்கும் ஆளுக்கொரு வரி கிடைக்கும். 1526இன் முதலாம் பானிபட் போரைச் சேர்ப்பதானால் அது பழைய நாட்காட்டித் திகதி, இன்றைய கணக்கில் மே 1 என்று ஓரத்தில் எழுதுங்கள். இடம் மிஞ்சினால் எலிசபெத் அரசியைப் போடலாம். அவர் பிறந்தது 1926 ஏப்ரல் 21. 1954 ஏப்ரலில் இலங்கைக்கு வந்தவர் பயணத்தை முடித்ததும் தன் 28ஆவது பிறந்தநாளான 21ஆம் திகதியில்தான். 1972 மே 22இல் நாடு குடியரசாகும்வரை இலங்கையின் அரசியும் அவரே.